பாரிசவாதத்தின் காரணத்தை இரத்தத்திலே தேடிய வரலாறு

மனிதரைப் பற்றும் நோய்களுள் அறிவித்து வருவன சில. அறிவியாது வந்து வீழ்த்துவன சில. காய்ச்சல் நடுக்கத்தை முன்னே அனுப்பிவிட்டுப் பின்னே வரும். கசம் இருமலால் தன்னை அறிவிக்கும். பாரிசவாதமோ அவ்வாறன்று. காலையிலே வள்ளம் தள்ளிக் கடலுக்குச் சென்றவரை மாலையிலே ஒரு பக்கம் செயலற்றவராகப் பாயிற் கிடத்திவிடும். வாய் கோணும், சொல் குழறும், தூக்கிய கை தானே விழும். எங்கிருந்து வந்தது, எதனால் வந்தது என்று அறியாது கண்டவர் திகைப்பர்.

எனது ஆச்சிக்கு நெடுந்தீவிலே ஒரு மாலைப்பொழுதில் இது நேர்ந்தது. அடுப்படியில் இருந்தவர் வலக்கையிலிருந்த அகப்பையை நழுவவிட்டார். “காத்துப் பட்டிட்டுது, கொஞ்சம் படுக்க விடுங்கோ” என்றனர் அயலவர். எண்ணெய் தடவினர். இரவு கழிந்தது. மறுநாட் காலையிலே வள்ளமேற்றிக் குறிகட்டுவானுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து பட்டணத்து வைத்தியசாலையிலே சேர்த்தோம். வைத்தியர் ஒரு கேள்வியை எம்மிடம் கேட்டார்: “எத்தினை மணிக்குத் தொடங்கினது?” திட்டமான விடை எம்மிடம் இருக்கவில்லை. மற்றொரு கேள்வியைத் தம்மையே கேட்டுக்கொண்டார்: “அடைப்போ, கசிவோ?” ஆச்சி உயிர் பிழைத்தார், அவருடைய பேச்சு மீளவில்லை.

அந்த இரண்டாவது கேள்வியே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். நோயை அறிந்தால் மட்டும் போதாது, அதன் முதற்காரணத்தையும் ஆராய்ந்தறிந்த பின்னரே மருந்து செய்தல் வேண்டுமென்று திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திலே வகுத்துச் சென்றார். பாரிசவாதத்திலே அந்த முதற்காரணம் மண்டையோட்டுக்குள்ளே மறைந்து கிடக்கின்றது. அதனை வெளியிலிருந்து அறிவதற்கு மனிதன் ஏறக்குறைய முந்நூற்றறுபது ஆண்டுகளாக முயன்று வருகின்றான். அம்முயற்சியின் புதிய அத்தியாயம், கையிலிருந்து எடுக்கும் சிறிதளவு இரத்தத்தைக் கொண்டு காரணத்தை உணர முயல்வதாகும். கடல் சூழ்ந்த ஊர்களில் வாழும் எமக்கு அந்த அத்தியாயத்திலே ஏனையோரிலும் பார்க்க அதிக அக்கறை உண்டு.

பெயர்கள் கூறுவன

ஒரு நோய்க்கு மக்கள் இட்ட பெயரைக் கொண்டு அந்நோயைப்பற்றி அவர்கள் எண்ணியதை அறியலாம். நாம் பாரிசவாதம் என்றும் பக்கவாதம் என்றும் கூறுகின்றோம். வாதம் என்பது உடலை இயக்கும் வளி. அது பிறழ்ந்து ஒரு பாரிசத்தைப் பற்றுவதாக எம்முன்னோர் கருதினர். ஆயுள்வேத நூலார் வாத நோய்களை எண்பது என வகுத்தனர். யாழ்ப்பாணத்து அரசர் காலத்தனவாகிய செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய வைத்திய நூல்கள் எமது நாட்டு வைத்தியர் கைகளிலே வழிவழியாக வழங்கிவந்தன. கிரேக்கர் இந்நோயை அடித்து வீழ்த்துவது என்னும் பொருள்படும் பெயரால் அழைத்தனர். ஆங்கிலேயர் ‘ஸ்ரோக்’ என்பதும் அடி என்னும் பொருளிலேயாம்.

கீழைத்தேயத்தாரும் மேலைத்தேயத்தாரும் கண்டது ஒன்றே: திடீரென்று யாரோ அடித்ததுபோல மனிதன் விழுகின்றான். அடித்தது யார் என்பதை இருசாராரும் கண்டிலர். எம்மவர் கருத்து மட்டும் பிழை, அந்நியர் கருத்து மட்டும் சரி என்று எண்ணுதல் தகாது. உடலைத் திறந்து பார்க்கும் வரையில் அடித்தவனைக் காணுதல் எவர்க்கும் இயலாததே.

1658 ஆம் ஆண்டு

1658 யாழ்ப்பாணத்து வரலாறு படித்தோர் மறவாத ஆண்டு. அவ்வாண்டிலேதான் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். பின்னர் அவர்கள் தம் நாட்டு ஊர்களின் பெயர்களை எமது தீவுகளுக்கு இட்டனர். ஊர்காவற்றுறை அமைந்துள்ள தீவு லைடன் ஆயிற்று. நயினாதீவு ஹார்லம் ஆயிற்று. நெடுந்தீவு டெல்ப்ற் ஆயிற்று. முதலிரண்டு பெயர்களும் வழக்கொழிந்தன. டெல்ப்ற் மட்டும் இன்றும் ஆங்கிலத்திலே நிலைத்திருக்கின்றது.

அதே 1658 இலே சுவிற்சலாந்து தேசத்தின் ஷாப்ஹவுசன் நகரத்து வைத்தியர் யோஹான் யாக்கோப் வெப்பர் என்பவர் ஒரு நூலை வெளியிட்டார். இந்நோயால் இறந்தவர்களின் உடல்களை அறுத்துச் சோதித்து அவர் கண்டவற்றைக் கூறுவது அந்நூல். மூளைக்குள்ளே நாடி வெடித்து இரத்தம் கசிந்து தேங்கியிருப்பதை அவர் கண்டார். மூளைக்கு இரத்தம் செல்லும் வழி அடைபட்டாலும் இந்நோய் உண்டாகலாம் என்பதையும் உணர்ந்தார். காற்று என்றும் அடி என்றும் ஒரு பெயரால் வழங்கிய நோய், கசிவு என்றும் அடைப்பு என்றும் இரண்டாகப் பிரிந்தது அப்பொழுதுதான். ஆச்சியின் படுக்கையருகே நின்ற வைத்தியர் தம்முள்ளே கேட்டுக்கொண்ட வினா வெப்பர் எழுப்பிய வினாவேயாம். 1664 இல் தோமஸ் வில்லிஸ் என்னும் ஆங்கில வைத்தியர் மூளையின் அடியிலே நாடிகள் ஒன்றோடொன்று இணைந்து வளையமாக அமைந்திருப்பதை விளக்கினார்.

நெடுந்தீவுக்குப் பெயர் தந்த டெல்ப்ற் நகரத்திலே அக்காலத்தில் அன்ரனி வான் லீவன்ஹூக் என்னும் துணி வாணிகர் ஒருவர் வாழ்ந்தார். அவர் தாமே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லைகளினூடே இரத்தத்தைப் பார்த்து, அதிலுள்ள செங்கலங்களை 1674 இலே விவரித்தெழுதினார். இரத்தம் வெறும் சிவந்த நீரன்று, அதற்குள்ளே நுண்ணிய உறுப்புகள் உண்டு என்பதை உலகம் தெளிந்தது. இரத்தத்தைச் சாட்சியாக அழைத்து விசாரிக்கும் கலைக்கு இதுவே கால்கோள் எனலாம்.

மானிப்பாயும் பேர்லினும்

வெப்பர் கண்டது இறந்தபின் தெரியும் காரணம். இருக்கும்போது அறியவேண்டுமாயின் அடைப்பு எவ்வாறு உண்டாகின்றது என்பது விளங்கவேண்டும். அதனை விளக்கியவர் ஜேர்மன் அறிஞர் ருடோல்ப் விர்ச்சோவ். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே அவர் ஓர் உண்மையை நிலைநாட்டினார். ஓரிடத்திலே உறைந்த இரத்தக்கட்டி அங்கிருந்து பெயர்ந்து, ஓட்டத்தோடு சென்று, வேறோரிடத்து நாடியிலே சிக்கி அதனை அடைக்கக்கூடும். துறையிலே கட்டவிழ்ந்த மரம் நீரோட்டத்தில் மிதந்துபோய்த் தொலைவிலுள்ள ஒடுங்கிய வாய்க்காலை அடைப்பது போன்றது இது. ஆகவே மூளையிலே அடைப்பு எனின் குற்றம் மூளையிலே இருக்கவேண்டுமென்பதில்லை. அது கழுத்து நாடியிலிருந்து வந்திருக்கலாம், இருதயத்திலிருந்தும் வந்திருக்கலாம். நாடியின் சுவர், இரத்தத்தின் ஓட்டம், இரத்தத்தின் தன்மை ஆகிய மூன்றில் ஒன்று பழுதுபடும்போதே கட்டி உண்டாகும் என்ற கருத்து விர்ச்சோவின் பெயரோடு இணைத்தே இன்றும் கற்பிக்கப்படுகின்றது.

விர்ச்சோவ் இவ்வாராய்ச்சியைச் செய்துவந்த காலத்திலேதான், 1847 இலே, அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மிஷன் பாடசாலையிலே படித்த எமக்கு அவர் பெயர் பழக்கமானது. இந்து வாலிபர் மலரிலும் அவரை நன்றியோடு நினைத்தல் தகும். சமயத்தால் அவர் எம்மிலும் வேறுபட்டவரே. எனினும் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பிக்கலாம் என்று துணிந்து, மானிப்பாயிலே மாணாக்கருக்குத் தமிழ்மொழியிற் கற்பித்துக் காட்டினார். 1867 இல் ‘இரணவைத்தியம்’, 1872 இல் ‘மனுஷ அங்காதிபாதம்’, 1875 இல் ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்கள் அவர் முயற்சியால் தமிழில் வெளிவந்தன. இரசாயனத்தைத் தமிழ் மாணவன் தன் தாய்மொழியிலே படிக்க வழிசெய்தவர் அவர். இக்காலத்து இரத்தப் பரிசோதனை முழுவதும் அந்த இரசாயனத்தின் வழிவந்ததேயாகும்.

படமும் அதன் எல்லையும்

உயிரோடிருப்பவரின் மூளையை அறுக்காமலே உள்ளே பார்க்கும் கருவி 1971 இல் வந்தது. கொட்பிறி ஹவுன்ஸ்பீல்ட் என்னும் பொறியியலாளர் அமைத்த சீ.ரி. ஸ்கான் இயந்திரத்தில் அவ்வாண்டு ஒக்ரோபர் மாதம் இலண்டன் விம்பிள்டனிலுள்ள வைத்தியசாலை ஒன்றிலே முதல் நோயாளியின் தலை படம்பிடிக்கப்பட்டது. 1979 இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. புதிதாகக் கசிந்த இரத்தம் அப்படத்திலே வெண்மையாகத் தெரியும். வெப்பரின் வினாவுக்கு முந்நூறு ஆண்டுகளின் பின் உயிருள்ள நோயாளியிடமே விடை கிடைத்தது.

அந்த விடை இன்றியமையாததாகியது 1995 இலே. நாடியை அடைத்த கட்டியைக் கரைக்கும் மருந்தை நோய் தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் ஏற்றினால் ஊனம் குறையும் என்று அமெரிக்காவில் நடந்த பெரியதொரு பரிசோதனை அவ்வாண்டில் நிலைநாட்டியது. பின்னர் 2008 இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வு ஒன்றினால் அந்த எல்லை நான்கரை மணி நேரம் வரை நீண்டது. ஆனால் கசிவு உள்ளவருக்கு அதே மருந்தை ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. ஒரே முகம் காட்டும் இரு நோய்கள். ஒன்றன் மருந்து மற்றொன்றன் நஞ்சு. ஆதலின் படம் பாராமல் மருந்தேற்ற ஒண்ணாது.

இங்கேதான் எமது கடல் குறுக்கிடுகின்றது. நெடுந்தீவிலும் நயினாதீவிலும் சீ.ரி. இயந்திரம் இல்லை. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகிலே ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதன்பின் புங்குடுதீவு, வேலணை வழியாகப் பண்ணைப் பாலம் கடந்து பட்டணம் சேரவேண்டும். கச்சான் காற்றும் வாடைக்காற்றும் கடலைக் கலக்கும் நாட்களிலே படகு புறப்படுவதும் ஐயமே. பெரிய நாடி ஒன்று அடைபட்ட மூளையிலே நிமிடம் ஒன்றுக்கு 19 இலட்சம் நரம்புக்கலங்கள் அழிகின்றன என்று 2006 இல் அமெரிக்க வைத்தியர் ஒருவர் கணக்கிட்டார். அக்கணக்கின்படி படகுப் பயணம் ஒன்றுக்கு மட்டும் 11 கோடி 40 இலட்சம் கலங்கள். பட்டணத்துக்கு அருகில் வாழ்பவனுக்கு வசதியாயிருக்கும் ஒரு பரிசோதனை, தீவானுக்கு வாழ்வா சாவா என்னும் வேறுபாடாகின்றது.

படத்துக்கு மற்றோர் எல்லையும் உண்டு. அடைப்பு என்று கண்டபின் அது எங்கிருந்து வந்தது என்பதைத் தலையின் படம் பெரும்பாலும் சொல்லாது. 1993 இல் அமெரிக்க வைத்தியர்கள் அடைப்பின் காரணங்களை ஐந்தாக வகுத்தனர்: கழுத்து முதலிய பெருநாடிகளிலே கொழுப்புப் படிதல்; இருதயத்திலிருந்து கட்டி வருதல்; மூளையின் சிறுநாடிகள் தடித்து அடைதல்; வேறு தெளிவான காரணம்; காரணம் துணியப்படாதது. இவற்றுள் இறுதி வகுப்பிலே ஏறக்குறைய நாலிலொரு பங்கு நோயாளர் அடங்குவர். எல்லாச் சோதனையும் செய்த பின்னும் காரணம் அறியாது வீடு திரும்புவோர் அவர்கள். காரணம் தெரியாவிடின் மறுமுறை வருவதைத் தடுப்பது எவ்வாறு? இருதயத்திலிருந்து வந்ததாயின் இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து வேண்டும். கழுத்து நாடியாயின் சத்திரசிகிச்சையும் வேண்டப்படலாம். சிறுநாடியாயின் இரத்த அழுத்தத்தை அடக்குதல் முதன்மை. மருந்து காரணத்தைத் தொடர்ந்து செல்கின்றது.

ஆகவே அறிஞர் இரத்தத்திடம் சென்றனர். மூளையையும் இருதயத்தையும் நாடிச் சுவரையும் தொட்டுத் தொட்டு ஓடிவரும் தூதன் அது. ஓர் உறுப்பிலே கேடு நேர்ந்தால் அவ்வுறுப்புக்குரிய பொருள் இரத்தத்திலே கலக்கும். அத்தகைய பொருளை இரத்தக் குறிகாட்டி என்பர்.

நாகம் காட்டிய வழி

இரத்தத்தை விசாரிக்கும் இம்முறையிலே மிகப் பழைய ஆசிரியன் ஒருவன் எமது பற்றைகளிலேயே வாழ்கின்றான். அவன் முத்திரைப் புடையன் என்றும் கண்ணாடி விரியன் என்றும் பெயர்பெற்ற பாம்பு.

பற்றிக் றஸ்ஸல் என்னும் ஸ்கொத்லாந்து வைத்தியர் கிழக்கிந்தியக் கும்பனியாரின் இயற்கை ஆய்வாளராகச் சென்னை மாகாணத்திலே பணிபுரிந்தார். சோழமண்டலக் கரையிலே பாம்புகளைச் சேர்த்து ஆராய்ந்து 1796 இல் படங்களோடு ஒரு பெருநூல் வெளியிட்டார். அதனால் இப்பாம்பு ஆங்கிலத்திலே அவர் பெயரையே தாங்குகின்றது. இதன் நஞ்சு இரத்தத்தை உறையச்செய்யும் காரணிகளை ஒருங்கே தூண்டிவிட்டு, அவை அனைத்தையும் செலவழித்துவிடுகின்றது. கூலியாட்களை ஒரே நாளில் வேலைக்கு விட்டுப் பண்டகசாலையை வெறிதாக்குவது போன்றது அது. அதன்பின் இரத்தம் உறையாது, எங்கும் கசியும். சில வேளைகளில், முதலிற் தூண்டப்பட்ட உறைதலினாலேயே மூளையின் நாடி அடைபடும். இப்பாம்பு தீண்டிய பின் அடைப்பினால் பாரிசவாதம் உற்ற இலங்கை நோயாளர் ஒன்பதின்மரைப்பற்றிய ஆய்வொன்று 2009 இல் வெளியாகியது.

இந்நஞ்சேறியதை அறியும் சோதனை மிக எளியது. சிறிதளவு இரத்தத்தைச் சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயிலே இட்டு, இருபது நிமிடம் அசையாது வைத்துப் பின் சரித்துப் பார்ப்பர். உறைந்திருந்தால் நன்று, நீராக ஓடினால் நஞ்சு இரத்தத்தைத் தாக்கியுள்ளது. மின்சாரமோ பெரிய இயந்திரமோ வேண்டியதில்லை. இரத்தம் தானே தன் நோயைக் கூறுதல் என்பதற்கு இதனிலும் தெளிவான உதாரணம் இல்லை.

1934 இல் இலண்டனில் மக்பார்லன், பார்னற் என்னும் இருவர் இந்நஞ்சை மிகவும் ஐதாக்கி, இரத்தம் உறையாத பரம்பரை நோயுள்ளவர்களின் காயத்திலே தடவி இரத்தப்போக்கை நிறுத்தினர். மக்பார்லனே பிற்காலத்தில், இரத்தம் உறைதல் ஒரு காரணி அடுத்ததைத் தூண்டும் சங்கிலித்தொடர் என்று 1964 இல் விளக்கினார். புடையன் நஞ்சு அச்சங்கிலியின் நடுவிலுள்ள பத்தாம் காரணியை நேரே தட்டி எழுப்புவது. ஆதலால் சங்கிலியின் பிற்பகுதி எவ்வாறு இயங்குகின்றது என்பதை அளக்க அதுவே கருவியாயிற்று.

1983 இல் கிறஹாம் ஹியூஸ் என்னும் ஆங்கில வைத்தியர் ஒரு புதிய நோயை விவரித்தார். இளவயதிலே நாடிகளில் இரத்தம் உறைதல், பெண்களுக்கு அடுத்தடுத்துக் கருச்சிதைதல், மூளை பாதிப்புறுதல் என்பன அதன் குறிகள். உடலைக் காக்க வேண்டிய பிறபொருளெதிரிகள் தன் உடலின் மீதே திரும்புவதால் வருவது அது. இளையோருக்கு வரும் பாரிசவாதத்துக்கு அறியப்பட்ட காரணங்களுள் அதுவும் ஒன்று. அதனை எவ்வாறு கண்டுபிடிப்பது? 1986 இல் தியாகராசன், பெங்கோ, ஷபிரோ என்னும் மூவர் வழி கூறினர். ஐதாக்கிய புடையன் நஞ்சை நோயாளியின் இரத்தத் தெளிவிலே சேர்த்து, உறைய எடுக்கும் நேரத்தை அளப்பர். அந்தப் பிறபொருளெதிரி இருந்தால் உறைதல் தாமதிக்கும். குழாய்க்குள்ளே உறைதலைத் தாமதிக்கச் செய்யும் அதே பொருள் உடலுக்குள்ளே கட்டியை உண்டாக்குவது வியப்பே. பன்னிரண்டு கிழமைகள் கழித்து மறுபடியும் சோதித்து உறுதிசெய்வர். மூவருள் முதலில் நிற்பது தமிழ்ப் பெயர் என்பதும், கருவியாய் அமைந்தது சோழமண்டலக் கரையிலே விவரிக்கப்பட்ட பாம்பின் நஞ்சு என்பதும் எமக்கு மகிழ்ச்சி தருவன. உலகெங்கும் வைத்தியசாலைகளில் இன்றும் இச்சோதனை நடைபெறுகின்றது. பாரிசவாதத்தின் காரணத்தை இரத்தத்திலே தேடிக் கண்டு, அதற்கேற்ற மருந்தையும் மாற்றும் வல்லமை பெற்ற உண்மையான எடுத்துக்காட்டு இது.

இருதயத்தின் தூதும் மூளையின் தூதும்

1988 இல் ஜப்பானிய அறிஞர் பன்றியின் மூளையிலிருந்து ஒரு புதிய பொருளைப் பிரித்தெடுத்து, மூளையின் பெயராலேயே அதனை அழைத்தனர். பி.என்.பி. என்பது அதன் சுருக்கப் பெயர். பின்னர் ஆராய்ந்தபோது அது பெரும்பாலும் உண்டாவது மூளையிலன்று, இருதயத்திலே என்று தெரிந்தது. இருதயத்தின் சுவர் இழுபட்டு வருந்தும்போது இரத்தத்திலே அது மிகும். இருதயத்திலிருந்து கட்டி வந்து மூளையை அடைத்த நோயாளரிடம் இது ஏனையோரிலும் அதிகமாயிருப்பதைப் பலர் கண்டனர். காரணம் துணியப்படாத நோயாளருக்கு இதுவே வழிகாட்டும் என்று நம்பிக்கை பிறந்தது.

நம்பிக்கையைச் சோதித்துப் பார்ப்பதே விஞ்ஞானம். காரணம் தெரியாத அடைப்புற்றவர்களும், இருதயத்தின் மேலறை நலிந்திருப்பதை இக்குறிகாட்டி முதலியவற்றால் காட்டியவர்களுமாகிய 1015 பேரை அமெரிக்காவிலும் கனடாவிலும் சேர்த்து இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு உறைதலைத் தடுக்கும் வலிய மருந்தும், மற்றப் பிரிவினருக்கு அஸ்பிரினும் கொடுத்தனர். 2024 இல் முடிவு வெளியாகியது. இரு பிரிவிலும் மறுமுறை பாரிசவாதம் வந்தவர் வீதம் ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு 4.4. வேறுபாடு இல்லை. இரத்தம் சொன்ன சாட்சி பொய்யன்று. ஆனால் அச்சாட்சியை மட்டும் கொண்டு தீர்ப்பெழுத முடியாது. முதுமையாலும் சிறுநீரக நோயாலும் இப்பொருள் மிகுவதுண்டு.

மற்றைத் தூது மூளையிலிருந்து வருவது. மூளையில் நரம்புக்கலங்களைத் தாங்கிநிற்கும் துணைக்கலங்கள் உண்டு. அவற்றிலுள்ள ஒரு புரதத்தை லோறன்ஸ் எங் என்பவர் 1971 இல் விவரித்தார். ஜீ.எவ்.ஏ.பி. எனச் சுருக்கிக் கூறப்படும் இப்புரதம், நாடி வெடித்து மூளை கிழிபடும்போது மிக விரைவில் இரத்தத்திலே பெருகும். அடைப்பிலோ கலங்கள் மெல்ல மெல்ல இறப்பதால் அது தாமதித்தே மிகும். முதல் மணி நேரங்களிலே இந்த வேறுபாடு கசிவையும் அடைப்பையும் பிரித்துக் காட்டும். ஜேர்மனியிலே 205 நோயாளரிடம் நோய் தொடங்கி நான்கரை மணி நேரத்துக்குள் எடுத்த இரத்தத்தைச் சோதித்து 2012 இல் வெளியிட்ட முடிவின்படி, கசிவுற்றவர் நூற்றுவரில் 84 பேரை இது சரியாகக் காட்டியது. கசிவில்லாதோர் நூற்றுவரில் 96 பேரைக் கசிவில்லை என்று சரியாகக் கூறியது.

இந்த எண்களைத் தீவான் ஒருவன் கவனமாகப் படித்தல் வேண்டும். கசிவுற்ற நூற்றுவரில் பதினாறு பேரை இது தவறவிடுகின்றது. அந்தப் பதினாறு பேருக்கும் கட்டி கரைக்கும் மருந்தை ஏற்றினால் என்ன நேரும்? ஆகையால் படத்தின் இடத்தை இரத்தம் இன்னும் பெறவில்லை. ஆயினும் கதவு திறந்துவிட்டது. தலையிலே காயமுற்றவர்களுக்காக இதே புரதத்தைக் கையில் ஏந்தும் கருவியினால், நோயாளியின் அருகிலேயே, ஒரு துளி இரத்தத்திலே பதினைந்து நிமிடத்தில் அளப்பதற்கு அமெரிக்க அரசு 2024 இல் அனுமதி வழங்கியது. பாரிசவாதத்துக்கும் அத்தகைய கருவி நம்பத்தக்கதாய் அமையுமாயின், கசிவு என்று காட்டும் நோயாளியின் இரத்த அழுத்தத்தைக் கடலைக் கடக்குமுன்பே அடக்கத் தொடங்கலாம். பட்டணத்து வைத்தியர் நோயாளி வந்து சேருமுன்பே ஆயத்தமாகலாம். நெடுந்தீவுப் படகின் ஒரு மணி நேரம் வீணான நேரமாய் இராது.

நாம் செய்யத்தக்கது

அக்கருவி வரும்வரை கைகட்டி இருத்தல் வாலிபர்க்கு அழகன்று. இவ்வரலாறு எமக்குக் கற்பிப்பவை சில உள.

முதலாவது, நேரம். எனது ஆச்சியின் படுக்கையருகே எம்மிடம் இல்லாதிருந்தது விலையுயர்ந்த இயந்திரம் மட்டுமன்று; மணி எத்தனை என்னும் ஒரு சொல்லும் இல்லாதிருந்தது. முகம் கோணுகின்றதா, இரு கைகளையும் நீட்டினால் ஒன்று தாழ்கின்றதா, பேச்சுக் குழறுகின்றதா என்று பார்த்து, மூன்றில் ஒன்று திடீரெனக் காணப்பட்டாலும் உடனே நேரத்தைக் குறித்தல் வேண்டும். நலமாக இருந்ததைக் கடைசியாகக் கண்ட நேரமே வைத்தியருக்கு வேண்டிய நேரம். விடியும்வரை பார்த்திருத்தல் கூடாது. அருகிலுள்ள வைத்தியசாலைக்கு உடனே அறிவித்தல் வேண்டும். தரைவழி உள்ள இடங்களிலே 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும்.

இரண்டாவது, காரணம் தெரியுமுன் மருந்து கொடாமை. கசிவோ அடைப்போ என்று அறியாத நிலையிலே வீட்டிலுள்ளோர் அஸ்பிரின் கொடுப்பது ஆபத்து. விழுங்கமுடியாதவர் வாயிலே கஷாயமோ கோப்பியோ ஊற்றுவதும் ஆபத்து. அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கும்.

மூன்றாவது, வருமுன் காத்தல். எமது நாட்டு வைத்தியர் நாடி பிடித்துப் பார்ப்பதை நவீனர் சிலர் நகைப்பர். நகைத்தல் தகாது. ஒழுங்கின்றித் துடிக்கும் நாடி, இருதயத்தின் மேலறை பதறுவதன் அறிகுறியாக இருக்கலாம். அந்நிலை உள்ளவர்க்குப் பாரிசவாதம் வரும் அபாயம் ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று அமெரிக்காவின் பிறேமிங்ஹாம் நகரில் நடந்த நெடுங்கால ஆய்வு 1978 இல் காட்டியது. மணிக்கட்டிலே மூன்று விரல் வைத்து ஒரு நிமிடம் எண்ணப் பழகுதல் எந்த அங்கத்தவனுக்கும் இயலும். இரத்த அழுத்தம் அளக்கும் கருவி ஒன்றை எமது சங்கத்தின் வாசிகசாலையிலே வைத்து, கிழமைக்கு ஒரு மாலை முதியோரை அழைத்து அளந்து குறித்துவைத்தல் எமது வசதிக்கு அப்பாற்பட்டதன்று. கசிவு, அடைப்பு ஆகிய இரண்டுக்கும் பொதுவான பெரும்பகை உயர் இரத்த அழுத்தமே.

நயினாதீவுக்கும் புளியந்தீவுக்கும் இடைப்பட்ட கடலிலே பாம்புக்கல்லும் கருடன்கல்லும் இருப்பதைப் பெரியோர் காட்டுவர். அம்பாளுக்குப் பூக் கொண்டுவந்த நாகத்தைக் கருடன் தடுத்து நின்றதாக வழங்கும் கதையை அறியாதார் எம்முள் இலர். அந்தக் கடலைத்தான் எமது நோயாளரும் கடக்கின்றனர். இடையே நிற்பது கருடனன்று, காலம். நாகத்தின் நஞ்சையும் நோயறியும் கருவியாக்கிய மனித அறிவு, ஒரு துளி இரத்தத்தினால் அக்காலத்தையும் ஒருநாள் வெல்லும் என நம்புவோம். அதற்குரிய அறிஞருள் ஒருவராவது எமது தீவிலிருந்து எழவேண்டும். அதுவரையில் ஒவ்வொரு வீட்டிலும் நேரத்தைக் குறிக்கக் கற்ற ஒருவரேனும் இருப்பாராக. இப்பணியிலே நயினை நாகபூஷணி அம்பாளின் திருவருள் எமது சங்கத்தாருக்குத் துணைநிற்பதாக.